முறுக்கு அச்சில் பிழிந்த தமிழ் எழுத்து: மூணு சுழி ண அடைச்சுக்குது, என்ன செய்யலாம்?

வெண்ணாற்றுக்கரை (நீடாமங்கலம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தான் இங்கே பலகாரக் கடை வச்சிருக்கார். தீபாவளிக்கு முன்னாடி போர்டும் பாக்கெட் கவரும் புதுசா வேணும்னு என்கிட்ட விட்டுட்டார். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ்னு ஓட்டிக்கிட்டிருக்கறவன் நான். ஒரு தடவையாவது இருக்கற எழுத்துருவை இழுத்துப் போடாம, கடையில தினமும் கையில புழங்கற சாமானை வச்சே எழுத்து பண்ணணும்னு ஆசை.

முறுக்குப் படத்தை வரைஞ்சு அதை 'அ'வா வளைக்கற வேலை இல்ல. அது அழகுக்கு ஒட்டவைக்கற சங்கதி. நான் பண்றது, அச்சுல மாவை அடைச்சு நேரா எழுத்தையே பிழியறது. அச்சு பேனா, அடியில போடற தட்டு நிப்பு. கருப்பு சார்ட் பேப்பர் மேல பாலித்தீன் ஷீட் விரிச்சு அதுல எழுதறேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வச்சு மேலேயிருந்து போன்ல படம் எடுத்து, இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல விளிம்பைப் பிடிச்சு ட்ரேஸ் பண்றேன்.

இதுவரைக்கும் பார்த்தது:

தேன்குழல் தட்டு (வட்ட ஓட்டை): எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு ஒரே கனம். சாதுவான எழுத்து.

மகிழம்பூ தட்டு (நட்சத்திர ஓட்டை): கனம் மாறல, ஆனா கோட்டுக்குள்ளேயே நீளவாக்குல வரப்பு ஓடுது. வளைவு திரும்பற இடத்துல அந்த வரப்பு லேசா முறுக்கிக்குது பாருங்க, அதை எந்தப் பேனாவும் தராது. எனக்குப் பிடிச்சது இதுதான்.

நாடாத் தட்டு (ஓலைப் பக்கோடா போடறது): அச்சைத் திருப்பாம இழுத்தா ஒரு திசையில பட்டை, இன்னொரு திசையில மெல்லிசு. பட்டை நிப்புப் பேனாக் கணக்கு அப்படியே. ஆனா ட, ப மூலையில நாடா மடிஞ்சு விழுந்துடுது.

மூணு கண் தட்டு: இது தனிக் கதை. சில இடத்துல மூணு இழையா தெரியுது, சில இடத்துல ரெண்டாயிடுது. ஏன்னு புரியல.

இப்ப சிக்கல். ண, ஞ, ஐ மூணும் சுழி அடைச்சுக்கிட்டுக் கொழுக்கட்டையா நிக்குது. ப, ட, ம எல்லாம் ஜம்முனு இருக்கு. கம்ப்யூட்டர்ல ண-வை மட்டும் இளைக்க வைக்கலாம். ஆனா ஓட்டை ஒண்ணு, கனமும் ஒண்ணுங்கற விதியை உடைச்சா அப்புறம் எதுக்கு அச்சுன்னு இருக்கு. அதோட, புள்ளிக்கு என்ன பண்றது? அச்சுல புள்ளி வைக்க வரமாட்டேங்குது, வால் நீளுது.

---

சுவர் எழுத்து (பட்டுக்கோட்டை)

தம்பி, போர்டு எழுதி வயித்தைக் கழுவினவன் சொல்றேன், கேட்டுக்க. ண-வுக்குன்னு நாங்க பிரஷ் மாத்தறதே கிடையாது. ஒரே பிரஷ்தான். ண-வுக்கு இடத்தைக் கூடக் கொடுப்போம், அவ்வளவுதான் விஷயம். சாக்பீஸ்ல கட்டம் பிரிக்கும்போதே ப-வுக்கு ஒரு பங்குன்னா ண-வுக்கு ரெண்டு, ரெண்டரை பங்கு ஒதுக்கிடுவோம். புதுசா எழுத வர்ற பையன் எல்லாத்துக்கும் சமமாக் கட்டம் போட்டுட்டு, ண வந்ததும் முழிப்பான்.

நீ கனத்தை இளைக்காதே, அகலத்தைக் கொடு. பஸ்ஸுல போறவன் ஓடற ஓட்டத்துல படிக்கணும். அது ஒண்ணுதான் போர்டுக்குச் சட்டம். இந்த வரப்பு கிரப்பு எல்லாம் பத்தடி தள்ளி நின்னா ஒண்ணும் தெரியாது.

---

ஓப்பன்டைப் ஓணான் (திருச்சி)

அண்ணன் சொன்னதைக் கணக்காப் பார்த்தா இன்னும் தெளிவா வரும். எழுத்தோட நடு உயரத்துல குறுக்கே ஒரு கோடு கிழிங்க. ப-வை அது ரெண்டு இடத்துல வெட்டும். ண-வை நீங்க எழுதற விதத்தைப் பொறுத்து அஞ்சாறு இடத்துல வெட்டும். சுழி அடையாம இருக்க, ரெண்டு கோட்டுக்கு நடுவுல குறைஞ்சது ஒரு கோட்டுக் கனமாவது வெள்ளை வேணும். அப்ப அஞ்சு கோடு, நாலு இடைவெளி சேர்த்து ஒன்பது கனம். ஆறு கோடுன்னா பதினொண்ணு. உங்க தட்டு ஓட்டை 5 மி.மீ.னு வச்சுக்கிட்டா ண 45 முதல் 55 மி.மீ. அகலம் போகும். ப-வுக்கு 15 மி.மீ. போதும், பார்வைக்காக 25 கொடுக்கலாம்.

சாதாரணமா எழுத்துரு பண்றவங்க நெரிசலான எழுத்துல கோட்டைக் கொஞ்சம் இளைச்சுடுவாங்க, கண்ணுக்கு எல்லாம் ஒரே கருப்பாத் தெரியணும்னு. உங்க விதி அதைத் தடுக்குது. தடுக்கட்டும். இப்படி ஒரு விதி இருந்தாத்தான் இது பரிசோதனை. இல்லேன்னா இன்னொரு உருண்டை எழுத்துரு, அவ்வளவுதான். அது ஏற்கெனவே நிறையக் கிடக்கு.

ஒரு கேள்வி. உங்க அச்சு திருகு அச்சா, அமுக்கற அச்சா?

---

வெண்ணாற்றுக்கரை

திருகு. பித்தளை.

---

ஓப்பன்டைப் ஓணான்

அதான். ஒரு கையால திருகறப்ப இன்னொரு கையில பிடிச்ச அச்சோட உடம்பும் சேர்ந்து ஆடும். மாவும் விட்டு விட்டு வரும். நாடாத் தட்டுக்கு அது ஆகவே ஆகாது, தட்டு ஒரே கோணத்துல நிக்கணும். ரெண்டு பக்கமும் பிடி வச்ச அமுக்கற அச்சு வாங்கிப் பாருங்க.

---

கணக்குப்பிள்ளை (மயிலாடுதுறை)

எல்லாரும் ஆர்வமா இருக்கீங்க, நான் ஒருத்தன் தண்ணி ஊத்தறேன். வடக்கே வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். நம்ம எழுத்தைப் பார்த்ததும் 'ஜிலேபி'ம்பான். ஆபீஸ்ல என் டிஃபன் பையில ஒட்டியிருந்த பேரைப் பார்த்து அப்படித்தான் சிரிச்சான். இப்ப நாமளே முறுக்கு மாவுல எழுத்தைப் பிழிஞ்சு, 'ஆமாம், நீ சொன்னது சரிதான்'னு கையில எடுத்துக் கொடுக்கணுமா?

இன்னொண்ணு. தமிழ்னாலே முறுக்கு, கோலம், மாட்டு வண்டின்னு ஒரு பொட்டலம் கட்டி வச்சிருக்காங்க டிசைன் உலகத்துல. அதுல நீங்களும் ஒரு முடிச்சுப் போடறீங்க. டெல்டாவுல பொருளுக்கா பஞ்சம்? தென்னங்கீத்து முடையறாங்க, அதுல பண்ணுங்களேன்.

---

சுவர் எழுத்து

பலகாரக் கடைக்கு முறுக்கு வேண்டாம், கீத்து வேணுமாம். பந்தல் கடைன்னா சரி.

---

கவின்கலை மூணாம் வருஷம் (கும்பகோணம்)

கீத்து நாங்க வகுப்புல முயற்சி பண்ணியிருக்கோம் அண்ணா. முடைச்சல்ல ஓலை சாய்வாத்தான் ஓடும், வளைவே வராது. தமிழ்ல வளைவு இல்லாம ட, ப, ம-வரைக்கும் தள்ளலாம். ழ வந்ததும் எல்லாம் படிக்கட்டாப் போயிடுது. பழைய கம்ப்யூட்டர் எழுத்துத்தான் ஞாபகம் வருது, கீத்து ஞாபகம் வரல.

ஜிலேபி விஷயத்துல எனக்கு வேற கருத்து. அவன் கேலி பண்றது உருவத்தை. இவர் எடுத்திருக்கறது உருவத்தை இல்ல, வேலை செய்யற விதத்தை. தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்துல, அதான் அடித்தளத்துல, ராஜராஜன் கல்வெட்டை உட்கார்ந்து பார்த்திருக்கேன். உளி ஒரு வீச்சுல வளையாது, அதனால வளைவுன்னு நமக்குத் தெரியறது கிட்டப் போனாக் குட்டிக் குட்டி வெட்டு. சரஸ்வதி மகால் ஓலைச் சுவடியில புள்ளியே இருக்காது, எகர ஏகார வித்தியாசமும் இருக்காது. எழுத்தாணியும் ஓலையும் சேர்ந்து பண்ணின முடிவு அது. கருவிதான் எப்பவும் தமிழ் எழுத்தை வளைச்சிருக்கு. இவர் கருவியை மாத்தறார், அவ்வளவுதான்.

---

கணக்குப்பிள்ளை

பதில் நல்லாத்தான் இருக்கு. ஆனா போர்டைப் பார்க்கறவன் நாம இங்கே பேசறதைப் படிச்சிட்டு வரப் போறதில்ல. அவன் கண்ணுக்கு முறுக்குத்தான்.

---

தரங்கைக் காற்று (தரங்கம்பாடி)

உள்ளே வரலாமா? எங்க ஊர்க் கதை ஒண்ணு இதுக்கு நேராப் பொருந்துது.

சீகன்பால்க்ங்கற ஜெர்மன் பாதிரியார் 1706-ல இங்கே வந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களோட உட்கார்ந்து மணல்ல விரலால எழுதித் தமிழ் கத்துக்கிட்டார்னு சொல்லுவாங்க. அப்புறம் அச்சகம் வந்தது. தமிழ் எழுத்தை ஜெர்மனியில ஹாலேயில வார்த்து அனுப்பினாங்க. இங்கே வந்து அச்சடிச்சுப் பார்த்தா எழுத்து ரொம்பப் பெரிசு. காகிதத்தை அள்ளி விழுங்குது. ஏன் அவ்வளவு பெரிசா வார்த்தாங்க? என் ஊகம், நம்ம ஆளு சொல்ற அதே ண, ஞ, ஐ சுழிதான். தமிழ் படிக்கத் தெரியாத ஊர்ல சின்னதா வெட்டினா சுழி அடைஞ்சுடும், பெரிசா வெட்டறதுதான் பத்திரம்.

கடைசியில இங்கேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. ஈயத்துக்கு எங்கே போறது? இங்கிலாந்துலேர்ந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாவோட ஈய மூடியை உருக்கினாங்கன்னு வரலாறு. புதிய ஏற்பாடு 1715-ல முடிஞ்சது. பொறையாறுல காகிதப் பட்டறைகூட வச்சாங்க.

ஆக, சாப்பாட்டுச் சாமான்லேர்ந்து தமிழ் எழுத்து பண்றது இந்தக் கடற்கரையில முந்நூறு வருஷத்து வழக்கம். கணக்குப்பிள்ளை சார் கோவிச்சுக்கக் கூடாது.

---

ஐயாறு அடுப்படி (திருவையாறு)

நீங்க எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க. எனக்கு எழுத்துரு தெரியாது, தேன்குழல் தெரியும். தம்பி போட்ட படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். இழையோட விளிம்பு பூராவும் பிசிறு. மாவு சரியில்ல.

நீ பொரிக்கப் போறதில்ல இல்லையா? அப்ப வெண்ணெய் எதுக்குப் போட்டே? வெண்ணெய் கூடினா இழை பொடிஞ்சு பொடிஞ்சுதான் வரும். பொரிச்சா வாயில கரையும், எழுதினா அறுந்து போகும். எள்ளும் சீரகமும் வேண்டவே வேண்டாம், ஓட்டையில மாட்டிக்கிட்டு இழையைக் கிழிக்கும். உன் 'சீ' நடுவுல கிழிஞ்சிருக்கே, அது சீரகம்.

நாலு பங்கு பச்சரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைச்ச உளுத்தம் மாவு. நைஸ் சல்லடையில ரெண்டையும் சலிச்சுக்கோ. நல்ல கொதி வெந்நீர் விட்டுக் கரண்டியால கிளறி, கை பொறுக்கற சூடு வந்ததும் அழுத்திப் பிசை. வெந்நீர்தான் முக்கியம், பச்சைத் தண்ணியில பிசைஞ்சா வளைக்கறப்ப விரியும். ஈரத்துணி போட்டு மூடி வை. காத்துப் பட்டா மேல் தோல் காஞ்சு, மகிழம்பூ வரப்பு பல்லைக் காட்டும். மாவு தளர்ந்தா அந்த வரப்பு அமுங்கிப் போகும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும், எழுதிக் காட்ட முடியாது.

எழுத ஆரம்பிக்கறப்ப தட்டு ஷீட்டைத் தொடற மாதிரி வச்சு, இழை ஒட்டினதும் ஒரு விரல்கடை தூக்கிக்கோ. ரொம்பத் தூக்கினா இழை தானாச் சுருண்டு விழும். கை வேகம் ஒரே சீரா இருக்கணும். நின்னா அங்கே குண்டாயிடும். முடிக்கறப்ப அமுக்கறதை நிறுத்திட்டு, தண்ணி தொட்ட விரலால கிள்ளி விடு.

புள்ளிக்கு ஏன் அச்சு? அதே மாவுல சீடை உருட்டி வை.

---

வெண்ணாற்றுக்கரை

அக்கா, சீடை! இது ஏன் எனக்குத் தோணல! ஃ-க்கு மூணு சீடை. ஈ-க்கு ரெண்டு. அத்தானுக்குச் சொன்னா சந்தோஷத்துல ஒரு கிலோ கட்டிக் கொடுப்பார்.

கிள்ளற இடம் பத்தி ஒண்ணு. ஆரம்பம் மொட்டையா உருண்டையாவும், முடிவு கிள்ளினதால கூம்பியும் இருக்கு. எல்லா எழுத்துலயும் அப்படியே விடலாமா, இல்ல ரெண்டு முனையையும் ஒரே மாதிரி ஆக்கிடலாமா?

---

கவின்கலை மூணாம் வருஷம்

அப்படியே விடுங்க அண்ணா! எந்த முனையில தொடங்கினாங்க, எங்கே முடிச்சாங்கன்னு எழுத்தே சொல்லுது. அச்சடிச்ச தமிழ்ல அது தெரியறதே இல்ல.

---

பழைய கம்பாசிட்டர் (கும்பகோணம்)

வணக்கம். ஈய எழுத்தைக் கையால கோத்த கைக் கம்போசிங் காலத்து ஆள் நான். ஒரு விஷயத்தை யாரும் தொடலையேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

1978-ல அரசாணை வந்து பதிமூணு எழுத்து மாறிச்சு. ணா, றா, னா, அதுங்களோட ஒகர ஓகார வரிசை, அப்புறம் ணை, லை, ளை, னை. பெரியார் 1935-லேர்ந்தே தன் பத்திரிகையில அப்படித்தான் போட்டுக்கிட்டிருந்தார். எங்களுக்கு அது பெரிய நிம்மதி. அதுக்கு முன்னாடி கேஸ்ல, அதான் எழுத்து அடுக்கற பெட்டியில, ஒவ்வொண்ணுக்கும் தனி அறை, தனி ஈய எழுத்து. எழுத்தைக் கோக்கற ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கை எங்கெங்கேயோ போய்த் தேடணும். டைப்ரைட்டருக்கும் தோது.

ஆனா தம்பி கையில இருக்கறது கேஸ் இல்ல, பிழியற அச்சு. பிழியறவனுக்கு மாவு அறுந்தா நஷ்டம். பழைய லை எப்படி? யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவைத் தூக்கி ஆரம்பிச்சு, அப்படியே கீழே இறங்கி ல-வுக்குள்ள புகுந்துடும். எடுக்கவே வேண்டாம். பழைய ணா-வும் ண முடியற இடத்துலயே மடங்கி ஒரு கொக்கி போட்டு நிக்கும். புது லை-ன்னா ஐகாரக் கொம்பை ரெண்டு சுழியோட தனியாப் பிழிஞ்சு, கிள்ளி, மறுபடி ல தொடங்கணும். ரெண்டு தொடக்கம், ரெண்டு கிள்ளல்.

சீர்திருத்தம் வேண்டாம்னு நான் சொல்லல, அதை வாழ்த்தி வரவேத்தவன் நான். இந்த எழுத்துக்கு மட்டும் பழைய வடிவம் இயல்பா உட்காரும்னு படுது.

---

கவின்கலை மூணாம் வருஷம்

ஐயா, மன்னிக்கணும். எங்க பாட்டி கடிதத்துல அந்த லை-யைப் பார்த்து நான் என்ன எழுத்துன்னு கேட்டவ. என் வயசுக்காரங்க நிறையப் பேருக்கு அது படிக்க வராது. கடைப் பாக்கெட்ல போட்டா 'ஓ... பக்கோடா'ன்னு நடுவுல முழிப்பாங்க.

---

சுவர் எழுத்து

நானும் பாப்பா கட்சி. பழைய போர்டு ரெண்டு மூணு இன்னும் ஊர்ல நிக்குது, தும்பிக்கை லை-யோட. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். புதுசா எழுதச் சொன்னா எந்த முதலாளியும் ஒத்துக்க மாட்டான்.

---

ஓப்பன்டைப் ஓணான்

சண்டையே வேண்டாம். கம்ப்யூட்டர் எழுத்துக்கு எண் கொடுக்கற யூனிகோடுல லை-க்குப் பழசு புதுசுன்னு தனித்தனி குறியீடு கிடையாது. ல, ஐகாரக் குறி, அவ்வளவுதான். எப்படிக் காட்டணும்ங்கறது எழுத்துருவோட வேலை. சாதாரணமா புது வடிவம் வரட்டும். பழைய பதிமூணையும் ஸ்டைலிஸ்டிக் செட்ல, அதான் எழுத்துருக்குள்ளேயே மாற்று வடிவம் வைக்கற இடத்துல, வச்சிடுங்க. வேணுங்கறவங்க ஒரு டிக் போட்டா தும்பிக்கை வந்துடும். அடிச்ச எழுத்து மாறாது, தேடினாலும் கிடைக்கும்.

ஆனா நிஜமா ஒரு கேள்வி. முழு எழுத்துரு தேவையா? போர்டு, பாக்கெட்டுக்கு என்னென்ன சொல் வரும்?

---

வெண்ணாற்றுக்கரை

பலகாரம், தேன்குழல், முள்ளு முறுக்கு, வெண்ணெய் முறுக்கு, ஓமப்பொடி, சீடை, அதிரசம், ஓலைப் பக்கோடா, கடலை மிட்டாய். எழுதிப் பார்த்தப்பதான் தெரியுது, ஐயா சொன்ன பதிமூணுல லை ஒண்ணுதான் வருது. ண-வும் வெண்ணெய்ல மட்டும்தான். நான் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டதெல்லாம் ஒரு சொல்லுக்காக.

---

ஓப்பன்டைப் ஓணான்

அப்ப முதல்ல இந்தச் சொற்களை எழுத்துச் சித்திரமாப் பண்ணுங்க, எழுத்துரு அப்புறம். 247-ஐயும் பிழிய உட்கார்ந்தா தீபாவளி போயிடும். சொல்லாப் பிழியறதுல இன்னொரு லாபம், ஒரே எழுத்து ரெண்டு தடவை வர்ற இடத்துல ரெண்டும் ரெண்டு விதமா விழும். முறுக்கு-ல று-வுக்கு அப்புறம் க், கு. அந்த ரெண்டு க-வும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா கம்ப்யூட்டர்னு காட்டிக் கொடுத்துடும்.

இப்ப மூணு கண் தட்டு. அதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய சமாசாரம், நீங்க ஒரு வரியில கடந்துட்டீங்க.

பெரும்பாலான தட்டுல மூணு ஓட்டையும் வரிசையா இருக்காது, முக்கோணமா இருக்கும். அச்சைத் திருப்பாம இழுக்கறப்ப ஒவ்வொரு ஓட்டையும் ஒரே பாதையைத் தள்ளித் தள்ளி எழுதுது. முக்கோணத்தோட ஒரு பக்கம் கிடைமட்டமா இருக்குன்னு வச்சுக்குங்க. நேர் கீழே இழுத்தா மூணு இழையும் சம இடைவெளியில தனித்தனியா விழும். குறுக்கே இழுத்தா அந்தப் பக்கத்துல இருக்கற ரெண்டு ஓட்டையும் ஒரே பாதையில போகும், ஒண்ணு மேல ஒண்ணு. மூணாவது தனியா. அதனால ரெண்டு இழை. இப்படி மூணு திசை இருக்கு, அறுபது டிகிரிக்கு ஒண்ணு. வட்டமா ஒரு சுழி போட்டா இழைங்க ஆறு தடவை சேர்ந்து பிரியும். உங்க ம-வைப் பாருங்க, நிமிர்ந்த கோடு பூராவும் மூணு, படுத்த கோடு பூராவும் ரெண்டு. வளைவுல ஒண்ணையொண்ணு தாண்டிப் பின்னிக்கிட்டுப் போகுது. யாரும் வரையாம தானா வந்த அலங்காரம் அது.

பல இழை எழுத்து உலகத்துக்குப் புதுசில்ல. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு லான்ஸ் வைமன்ங்கற டிசைனர் பண்ணினது முழுக்க இணைகோடு. ஆனா அதுல கோடுங்க எழுத்தோட சேர்ந்து வளையும், இடைவெளி மாறாது. உங்களுதுல தட்டு திரும்பறதில்ல, அதனால இடைவெளி திசைக்குத் திசை மாறுது. ரெண்டும் வேற வேற ஜாதி.

எழுத்துருவாப் பண்ணினா இதை வேரியபிள் ஆக்கலாம், அதாவது ஒரு ஸ்லைடரைத் தள்ளினா ஒரு கோடி உருவத்துலேர்ந்து இன்னொரு கோடி உருவத்துக்கு எழுத்து மெல்ல மாறும். ஒரு இழை திடீர்னு மூணாப் பிரிய முடியாது, ரெண்டு கோடியிலும் விளிம்புக் கோட்டை வரையற புள்ளிங்க எண்ணிக்கை சமமா இருந்தாத்தான் நடுவுல உருவம் பிறக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு. எல்லா எழுத்துலயும் எப்பவும் மூணு இழை வையுங்க. ஒரு கோடியில மூணும் ஒரே இடத்துல படுத்திருக்கும், பார்க்க ஒத்தைத் தேன்குழல். ஸ்லைடரைத் தள்ளத் தள்ள முக்கோணம் விரியும்.

---

வெண்ணாற்றுக்கரை

இதைப் படிச்சிட்டு ரெண்டு தடவை டீ குடிச்சேன். அண்ணே, அப்ப ஓட்டை வரிசையா இருக்கற தட்டுன்னா?

---

ஓப்பன்டைப் ஓணான்

ஒரு திசையில மூணு, அதுக்குக் குறுக்கான திசையில ஒண்ணு. நாடாத் தட்டோட எலும்புக்கூடு. எழுத்துல கனத்த கோடு, மெல்லிசுக் கோடுன்னு வித்தியாசம் வேணும்னா அது. கடையில கிடைக்கலேன்னா செஞ்சுக்கணும்.

---

பழைய கம்பாசிட்டர்

நாச்சியார்கோயில் பக்கம் விளக்குப் பட்டறையில லேத் வச்சிருப்பாங்க. பித்தளைத் தகட்டை உங்க அச்சு வாய்க்குத் தக்கன வட்டமாக் கடைஞ்சு ஓட்டை போட்டுக் கொடுப்பாங்க. பழைய தட்டைக் கையோட கொண்டு போங்க, அளவைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மாவு வெளியே வர்ற பக்கம் ஓட்டை விளிம்பை நல்லா வழவழன்னு தேய்ச்சுத் தரச் சொல்லுங்க. நாங்க எழுத்துல ஈயப் பிசிறைச் சீவற மாதிரி, அந்தப் பிசிறு இருந்தா இழை பூராவும் கீறல் விழும்.

---

ஐயாறு அடுப்படி

புதுப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு எடுத்துக்கோ. எழுதின மாவு வீணாகுதேன்னு யாரும் கேட்கலையே! பாலித்தீன்ல எழுதினதை அப்படியே சரிச்சு எண்ணெயில விடலாம். வெண்ணெய் இல்லாததால கொஞ்சம் கடுக்முடுக்குன்னு இருக்கும். பையங்க தின்னுடுவாங்க.

---

கணக்குப்பிள்ளை

மூணு இழை 'ம' படத்தைப் பார்த்தேன். அது முறுக்கு மாதிரியே இல்ல, நம்பவே முடியல. ஒத்தை இழையில எழுதினதைத்தான் என்னால இன்னும் ஏத்துக்க முடியல. மூணு இழையைப் போர்டுல போடுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

---

சுவர் எழுத்து

பாக்கெட்டுக்கு ஆகும். போர்டுக்கு மூணு இழைன்னா தூரத்துல ஒண்ணாக் கலங்கிடும். ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவுல இழை அளவு இருட்டு வேணும். பாக்கெட்ல வெள்ளைத் தாள்ல மாநிற இழை நல்லா இருக்கும். போர்டுன்னா கரும்பச்சைத் தரையில வெள்ளை. மஞ்சள் தரை போடாதே, வெள்ளை எடுபடாது.

---

வெண்ணாற்றுக்கரை

முடிவு சொல்லிடறேன். போர்டுக்குக் கடைப் பேரும் 'பலகாரம்'ங்கற சொல்லும் மகிழம்பூ ஒத்தை இழையில, அண்ணன் சொன்ன அகலப் பங்கோட. கணக்குப்பிள்ளை சார், இதுல உங்க பேச்சைத் தாண்டறேன், தப்பா நினைக்காதீங்க. வரப்பு பத்தடிக்கு மேல தெரியாதுன்னா தெரியாமலே இருக்கட்டும், கிட்ட வந்து நிக்கறவனுக்கு இருக்கு. பாக்கெட்டுக்கு மூணு கண் முக்கோணம். ஓலைப் பக்கோடா பாக்கெட்டுக்கு மட்டும் நாடாத் தட்டு, பழைய லை-யோட. ஐயாவுக்காக அது. 'பக்கோடா'ன்னு பக்கத்துலயே இருக்கறப்ப யாரும் தப்பாப் படிக்க மாட்டாங்க. ட மூலையில நாடா மடியறதை நிமிர்த்தப் போறதில்ல, அந்த மடிப்பு நல்லா இருக்கு.

புள்ளியெல்லாம் சீடை. அமுக்கற அச்சு பக்கத்து வீட்டுல மரத்துல ஒண்ணு இருக்கு, பரண்லேர்ந்து இறக்கித் தர்றேன்னிருக்காங்க. தட்டு உள்ளே உட்காருமான்னு பார்க்கணும்.

சுவர் எழுத்து அண்ணே, போர்டு நீங்களே வந்து எழுதித் தர முடியுமா? நான் பிழிஞ்சதைப் பெரிசு பண்ணிப் பிரிண்ட் எடுத்துத் தர்றேன், எழுத்து ஓரமா ஓட்டை குத்திச் சுண்ணாம்புப் பொடி தட்டினா போர்டுல தடம் விழுந்துடும்.

---

சுவர் எழுத்து

வர்றேன். தகரமா பலகையா, அளவு எவ்வளவுன்னு சொல்லு. கடை வாசல்ல வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னும் பார்த்துச் சொல்லு, மேற்கு வெயில்னா இனாமல் வேற வாங்கணும். வரப்புக்கு ரெண்டு பிரஷ் வேலை இருக்கு, கூலி கொஞ்சம் கூட ஆகும். அத்தான்கிட்ட முன்னாலேயே சொல்லி வச்சுடு.